ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில்

கலைப்பிரியா அழுதாளா என்று கேட்டு வாசகிகளிடமிருந்து கடிதம் மேல் கடிதம். இல்லை அம்மா, இன்னும் அழவில்லை.

அப்பா சக்கரபாணி இறந்து இன்றோடு பதினாறாம் நாள். அயர்லாந்திலிருந்து மூன்று விமானம் மாறி மகள் வந்து சேரும்வரை அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். வந்தாள், பார்த்தாள், பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஊர்ப் பெண்கள் பிணத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. "வெளிநாட்டுக்குப் போனா மனசும் ஏசி ஆயிடும் போல" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது மயிலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டது.

மனசு ஏசி ஆகவில்லை. மரத்துப்போயிருந்தது. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையதாகவே இருக்காதே, அந்த மாதிரி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கலைப்பிரியா சம்மட்டி எறிகிறவள். ஹேமர் த்ரோ. சம்மட்டி என்று பெயர்தான். கம்பியின் ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் நாலு கிலோ இரும்புக் குண்டு. அதைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் சுழன்று வீச வேண்டும். பதினாலு வயதில் விழுப்புரம் மைதானத்தில் தொடங்கினாள். சக்கரபாணி உரச் சாக்கில் குண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கூடவே வருவார். அவள் எறிந்து முடிக்கும்வரை மர நிழலில் பேப்பர் படிப்பார். எறிவதைப் பார்க்க மாட்டார், குண்டோடு மகளும் பறந்துவிடுவாளோ என்று பயமாம்.

இருபத்து மூன்றாம் வயதில் வேலைக்கு அயர்லாந்து போனாள். கார்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட், பகலில் மழைத் தூறலில் எறிதல். கல்யாணம் ஆனது, குடியுரிமை வந்தது. பிறகு அந்த நாட்டின் பச்சை பனியன், ஐரோப்பா முழுக்கப் போட்டிகள், எழுபது மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று ஒரு நல்ல தூரம். இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள். "சரி" என்றார். அவர் அவளிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதான். நாலு வருஷம். பேசாத நாலு வருஷத்துக்கு அழுவதா, பேசிய இருபத்தேழு வருஷத்துக்கு அழுவதா என்று தெரியாமல் கண் இரண்டும் காய்ந்து கிடந்தன.

இனி சட்டம். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். தினமும் ஒரு மணி நேரம் எந்த வீட்டில் இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்து வைக்க வேண்டும். வரும்போது ஆள் இல்லையென்றால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு என்றால் இரண்டு வருஷம் தடை. கலைப்பிரியாவுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. ஒருமுறை ஷிப்ட் மாறியதைப் பதிய மறந்தாள், இன்னொரு முறை வீடு மாறியதை. ஆகஸ்ட்டில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப். வயது முப்பத்தொன்று. இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு மறுபடி வட்டத்துக்குள் இறங்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. ஊருக்கு வந்ததும் போனில் பதிந்துவிட்டாள்: காலை ஆறு முதல் ஏழு, மயிலம் பக்கத்தில் இந்த வீடு, தண்ணீர் டேங்க் எதிரில், பச்சை கேட்.

இன்று விடியுமுன் அம்மா அஞ்சம்மாளின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி வாங்குகிற சடங்கு. சுமங்கலிகள் அதைப் பார்க்கக் கூடாது. மூத்தவள் இளவரசியை நேற்று மாலையே திண்டிவனத்தில் அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கலைப்பிரியாவையும் கூடவே போகச் சொன்னாள் அப்பாவின் தங்கை சின்னபொண்ணு அத்தை. ஆறு மணிக்கு நான் இங்கே இருந்தாக வேண்டும் என்று இவள் நின்றாள். கடைசியில் அத்தை ஒரு வழி சொன்னாள். இரு, ஆனால் கண்ணில் படாதே. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை அடுக்கியிருந்த உள்ளறைக்குள் அவளை விட்டு, நாலரை மணிக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். சென்ற வாரம் அந்தச் சத்தத்தோடுதான் எழுந்து வந்தோம்.

ஐந்து மணிக்கெல்லாம் முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. கோடிப் புடவை கொண்டுவர வேண்டிய தாய்மாமன் முத்துசாமியின் வேன், விழுப்புரத்திலிருந்து கிளம்பி விக்கிரவாண்டி தாண்டியதும் பஞ்சராகி நின்றுவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி வராமல் அம்மாவின் கழுத்தில் யாரும் கை வைக்க முடியாது. கூடத்தில் கூடியிருந்த கைம்பெண்கள் அழுது, ஓய்ந்து, கொட்டாவி விட்டு, மறுபடி அழுதார்கள். கலைப்பிரியா மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் திறந்திருந்தது. ஒரு கன்றுக்குட்டியைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை.

ஆறு அடித்து ஐந்து நிமிஷம். வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

"கலைப்பிரியா சக்கரபாணி அவங்க வீடு இதுதானங்களா?" பெண் குரல், பட்டணத்துப் பேச்சு.

"இதுதாங்க. நீங்க?" தம்பி குமரேசன். சடங்கு முடிகிறவரை வாசற்படியில் நின்று யாரையும் உள்ளே விடாதே என்று அத்தை அவனை நிறுத்தி வைத்திருந்தாள்.

"சென்னையிலருந்து வர்றோம். அவங்கள உடனே பாக்கணும்."

"இப்ப பாக்க முடியாதுங்க. துக்க வூடு. ஒம்போது மணிக்கு மேல..." வாங்க என்று சொல்லப்போய், துக்க வீட்டில் அந்த வார்த்தை ஆகாது என்று நிறுத்திக்கொண்டான்.

"தெரியுதுங்க. மன்னிச்சுக்குங்க. அவங்க வீட்டுக்குள்ள இருக்காங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

குமரேசன் கொஞ்சம் யோசித்தான்.

"இல்லீங்க" என்றான்.

அவனைத் திட்டாதீர்கள். பொய் சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. சடங்கு முடிகிறவரை சுமங்கலிப் பெண்கள் வீட்டில் இல்லாத மாதிரி என்று அத்தை நாலு முறை சொல்லியிருந்தாள். காலையிலிருந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் 'ரெண்டு அக்காவும் இல்ல' என்றே சொல்லிப் பழகிவிட்டான். இதில் ஆறு மணிச் சட்டம் வேறு இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நேற்று அந்தப் பேச்சு நடந்தபோது அவன் பந்தல்காரரோடு மயிலத்தில் இருந்தான்.

"சரிங்க. நாங்க ஏழு மணி வரைக்கும் இங்கயே உக்காந்திருப்போம்" என்றது அந்தக் குரல். பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. துக்க வீட்டுப் பந்தலில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஏன் என்று கேட்கிறவர் கிடையாது.

உள்ளறையில் கலைப்பிரியாவுக்கு எல்லாம் தெளிவாகக் காதில் விழுந்தது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கதவைத் தட்ட வேண்டும்.

கை எழவில்லை.

போனைப் பார்த்தாள். ஆறு பதினொன்று. சோதனைக்காரர்கள் போனில் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அவள் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். அவளே விளையாட்டை விட்டதாக ஆகாது. தம்பி தெரியாமல் சொன்னான், அத்தை வழக்கப்படி பூட்டினாள், மாமனுக்கு டயர் பஞ்சர். யாரையும் குறை சொல்ல முடியாது. அவளையும்.

ஆறு இருபத்தைந்து. உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்திருந்த இடத்தைத் தடவினாள். பதினாறு நாளில் கொஞ்சம் மிருதுவாகியிருந்தது. கார்க்கில் மழை ஈரத்தில் நனைந்த கையுறையை முழங்கால்மேல் வைத்து உலர்த்துவது நினைவுக்கு வந்தது. அது வேண்டுமா, வேண்டாமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அப்பா செத்துவிட்டார் என்று சொல்லிப் பார்த்தாள். எதற்கும் ஒன்றும் வரவில்லை.

எழுந்து தட்டேன்டி என்று நமக்குத்தான் பதைக்கிறது. அவள் கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு நாற்பதுக்குக் கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. பல நாளாக அழுது கரகரத்துப்போன குரல்.

"வெளிய கார் சத்தம் கேட்டுச்சே. மாமன் வந்துட்டாரா குமரேசா?"

"மாமா இல்லம்மா. மெட்ராஸ்லருந்து ஒரு அம்மாவும் ஒருத்தரும் சின்னக்காவத் தேடிக்கினு வந்திருக்கறாங்க. இல்லன்னு சொல்லிட்டேன். போவாம ஒக்காந்துக்கினு இருக்கறாங்க."



"மணி இன்னா ஆவுது?"

"ஆறு நாப்பதும்மா."

வளையல் சத்தம். நிறைய வளையல், ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். யாரோ எழுந்திருக்கிறார்கள்.

"அண்ணி, எங்க எழுந்துக்கற? மணையில ஒக்கார வெச்ச பெறவு எழுந்துக்கக் கூடாது. ஒக்காரு" என்றாள் சின்னபொண்ணு அத்தை.

"வழிய வுடு சின்னபொண்ணு."

"தாலி வாங்கற நேரத்துல சுமங்கலிப் பொண்ணு மொகத்துல முழிக்கப் போறியா? அவ புருசனுக்கு ஆவாது அண்ணி."

"அவ புருசன் அங்க பஸ் ஓட்டிக்கினு இருக்கறான். நான் இங்க பூ வெச்சிக்கினு நின்னா அங்க அவனுக்கு இன்னா ஆயிடும்? அவளுக்கு இது மூணாவது தடவ. எங்கிட்ட சொல்லியிருக்கறா. வுடு."

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

பார்க்கக் கூடாது என்று சொன்னதையெல்லாம் கலைப்பிரியா ஒரே நேரத்தில் பார்த்தாள். அம்மாவின் தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும். முகமெல்லாம் மஞ்சள். நெற்றியில் பெரிய குங்குமம். முழங்கை வரை கண்ணாடி வளையல். அரக்குச் சேலை. கல்யாணப் போட்டோவில்கூட அம்மா இவ்வளவு பூ வைத்திருக்கவில்லை.

அஞ்சம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் தட்டல?" என்றாள்.

கலைப்பிரியா மூட்டையை விட்டு எழுந்தாள்.

"அவங்க வந்தது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு கணம் சுருங்கியது. திட்டுவாள் என்று கலைப்பிரியா எதிர்பார்த்தாள். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அஞ்சம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். மஞ்சள் அவள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது.

"வேணான்னா நீயே போய் வேணான்னு சொல்லிட்டு வா. ரூமுக்குள்ள ஒளிஞ்சிக்கினு வேணான்னு சொல்லாத. ஜல்தி போ."

கலைப்பிரியா பந்தலுக்கு வந்தபோது மணி ஆறு நாற்பத்து மூன்று. நாற்காலியில் இருந்த பெண் எழுந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பருத்திச் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. பிரபாவதி என்று போட்டிருந்தது. கூட வந்தவர் ஒரு நீலப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லன்னு சொன்னாங்களே" என்றாள் பிரபாவதி.

"உள்ளதான் இருந்தேன். சடங்குக்காகப் பூட்டி வெச்சிருந்தாங்க."

பிரபாவதி வீட்டு வாசலைப் பார்த்தாள், குமரேசனின் வெளிறிய முகத்தைப் பார்த்தாள், பிறகு வேறெதுவும் கேட்காமல் தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். சோதனைக்குச் சிறுநீர் வேண்டும், கொடுத்து முடிக்கும்வரை தன் பார்வையை விட்டு அகலக் கூடாது, அகன்றால் மறுத்ததாக ஆகிவிடும் என்று மனப்பாடமாகச் சொன்னாள். கலைப்பிரியா கையெழுத்துப் போட்டாள். வேணாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள்.

"இப்ப குடுக்க முடியுமா?"

"முடியாதுங்க. வரமாட்டேங்குது."

"பரவால்ல, காத்திருப்போம்." சீல் பிரிக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தாள்.

பாதி பாட்டில் குடிப்பதற்குள் முத்துசாமி மாமனின் வேன் வந்துவிட்டது. வேட்டியெல்லாம் கிரீஸ் கறை, கையில் கோடிப் புடவைத் தட்டு. "பேஜாராப் போச்சு தங்கச்சி" என்று வாசலிலேயே குரல் உடைந்தது. கூடத்தில் அழுகை மறுபடி எழுந்தது.

கலைப்பிரியா எழுந்தாள். "நான் அம்மா பக்கத்துல இருக்கணும்."

"தாராளமா இருங்க. ஆனா நானும் கூட வரணும்."

வாசற்படியில் சின்னபொண்ணு அத்தை கையை விரித்துக்கொண்டு மறித்தாள். இவள்தான் பார்த்துத் தொலைத்துவிட்டாள், கூட வருகிறவள் யார்? பிரபாவதியின் நெற்றியையும் கால் மெட்டியையும் பார்த்து அத்தை பதறினாள்.

"நீ வாழற பொண்ணும்மா. ஒனக்கு இன்னா தலையெழுத்து? கொழந்த குட்டி இருக்குதா?"

"ஒரு பையன் இருக்கான். ரெண்டு வயசு." பிரபாவதியின் கை, துப்பட்டாவுக்குள் தாலியைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பயம்தான். சட்டம் தெரிந்தவர்களுக்குப் பயம் இருக்காது என்று யார் சொன்னது? "நான் அவங்கம்மாவப் பாக்க மாட்டேன். இவங்கள மட்டும்தான் பாக்கணும். எனக்கு அது போதும்."

அப்படியே செய்தாள். மணையில் உட்கார்ந்த அஞ்சம்மாளுக்கு எதிரில் கலைப்பிரியா. அஞ்சம்மாளின் பின்னால், அவள் முதுகை ஒட்டினாற்போல் பிரபாவதி நின்றுகொண்டாள். கண்ணைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் கலைப்பிரியாவின் முகத்தையே பார்த்தாள்.

பூவை எடுத்தார்கள். குங்குமத்தை அழித்தார்கள். வளையல் ஒவ்வொன்றாக உடைந்தது. மாமன் கோடியைப் போர்த்தினார். புடவைக்கு உள்ளே அத்தையின் கை போய், திரும்பி வந்து, பால் சொம்பில் எதையோ போட்டது. பால் கொஞ்சம் தளும்பிச் சேலையில் சிந்தியது. அம்மா ஒரே ஒரு முறை கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

கலைப்பிரியா எல்லாவற்றையும் பார்த்தாள். தான் ஏதாவது உணர வேண்டும் என்று காத்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழ, அவள் மனசில் ஓடியது இதுதான்: இந்த இரண்டு நிமிஷமாக நான் கண்ணை இமைத்தேனா? நிமிர்ந்தால், எதிரே பிரபாவதியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவள் பார்வையை விலக்கவில்லை. யாரோ ஒருத்தி, பேர் தெரிந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. கலைப்பிரியாவுக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

மூன்று பாட்டில் தண்ணீர் போன பிறகு, எட்டே முக்காலுக்குச் சிறுநீர் வந்தது. பின்கட்டுத் தகரக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, பிரபாவதி பார்த்துக்கொண்டு நிற்க, வாங்கி முடித்தார்கள். பந்தலில் மேசை போட்டு இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி மூடி முறுக்கினார்கள். ஒரு பக்கம் சமையல்காரர் கருமாதிச் சாப்பாட்டுக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்துக்குத்தான் இளவரசி வந்து இறங்கினாள். திண்டிவனத்திலிருந்து தலைக்குக் குளித்த ஈரத்தோடு முதல் காரியமாக அம்மாவைப் போய்ப் பார்த்து, கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்து தங்கையின் தோளில் கை வைத்தாள். மூத்தவள் சுபாவம் அப்படி. எங்கே போனாலும் யாராவது ஒருத்தருக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

"கடைசியா ஒரு கேள்வி" என்றாள் பிரபாவதி, பேனாவைப் பிடித்தபடி. "போன ஏழு நாள்ல மாத்திரை, டானிக், ஊசி, நாட்டு மருந்து ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

"ஏன் இல்ல?" என்றாள் இளவரசி. "நாலு நாளு முன்னாடி மோட்டார் கொட்டாய்கிட்ட மயக்கம் போட்டு வுழுந்தியே. ஊசி போட்டாங்கல்ல."

கலைப்பிரியா திரும்பினாள். "குளுக்கோஸ் குடிக்கக் குடுத்தாங்கன்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன். நீதான் இருமல் மருந்துக்கே இது என்ன அது என்னன்னு கேக்கற ஆளாச்சே. மயக்கத்துல கெடந்த. டாக்டர் நல்ல தெம்பு ஊசியாப் போடறன்னாரு, போடுங்க சார்னேன். ஒண்ணு இல்ல, ரெண்டு. அதுக்கப்புறந்தான நீ எழுந்து நடமாடற."

பேனா தாளைத் தொடாமல் நின்றது. கூட வந்தவர் புட்டிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டிருந்தார்.

"ஊசி பேரு என்னங்க?" பிரபாவதி இளவரசியைக் கேட்டாள்.

"பேரெல்லாம் யாரு கேக்கறது? தெம்பு ஊசி."

ஊசியின் பெயரை நம் ஊரில் யார் கேட்டிருக்கிறோம்? பெரிய ஊசியா சின்ன ஊசியா, கையிலா இடுப்பிலா, இதோடு நம் கேள்வி முடிந்துவிடும்.

பிரபாவதி 'ஊசி இரண்டு, பெயர் தெரியாது' என்று எழுதி, கையெழுத்து வாங்கினாள். கிளம்பும்போது கலைப்பிரியாவைத் தனியே அழைத்து ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் பெட்டி என்கிட்டதான் இருக்கும். பேரு தெரிஞ்சா எனக்குப் போன் பண்ணுங்க, சேத்து எழுதிக்கறேன். நீங்களே சொன்னதா இருந்தா அது வேற. அவங்களே கண்டுபிடிச்சா அது வேற." அதற்கு மேல் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் காரில் ஏறினாள். துக்க வீட்டு வழக்கம் அவளுக்கும் தெரிந்திருந்தது.

கருமாதிச் சாப்பாட்டுக்கு முன்னால் பெண்கள் இரண்டு பேரும் எங்கே கிளம்பிவிட்டார்கள் என்று அத்தை கத்திக்கொண்டிருக்க, அக்காவும் தங்கையும் ஊசி போட்ட டாக்டரைத் தேடித் திண்டிவனம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள். வழியெல்லாம் காட்டில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இளவரசி பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவை மாதம் ஒருமுறை திண்டிவனத்துக்குக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். மாட்டை விற்றுவிடலாம் என்றாள். தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்தி, "இன்னா, ஊசி போட்டது தப்பா?" என்றாள்.

"தெரிலக்கா. பேரப் பாத்தாத்தான் தெரியும்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்த கிளினிக். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நர்ஸ் ஆரோக்கியசெல்வி இளவரசியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"தங்கச்சி எப்டி இருக்குது? அன்னிக்கித் துணி மாதிரி தூக்கிக்கினு வந்தீங்க. இப்பப் பாரு, தெளிவா நிக்குது."

"எல்லாம் ஒங்க ஊசிதான்" என்றாள் இளவரசி. "அதும் பேரு வேணுமாம் இவளுக்கு."

"எந்த ஊசி? சத்து ஊசி ஒண்ணு, இன்னொண்ணு..." ஆரோக்கியசெல்வி அலமாரியைத் திறந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தாள். "இதுதான். வயசானவங்க, சோந்து போனவங்க எல்லாருக்கும் சார் இதத்தான் போடுவாரு. ஒடம்புல நின்னு வேல செய்யும்."

கலைப்பிரியா பெட்டியைத் திருப்பினாள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது அவளுக்குத் தெரியாத பெயர். கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். நாண்ட்ரோலோன்.

தெரிந்த பெயர். எறிகிறவர்கள் உடை மாற்றுகிற எந்த ஊர் அறையிலும் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார்கள், தடை செய்த மருந்துகள் என்று. அதில் முதல் பத்தியிலேயே இருக்கும். சதையை வளர்க்கிற மருந்து. ஒருமுறை ஏற்றினால் மாதக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாது. யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள், மயக்கத்தில் போட்டார்களா என்பதெல்லாம் அப்புறம் கேட்பார்கள். உடம்பில் இருந்தால் அவளுடைய குற்றம், தடைதான். நாலு வருஷம்.

காலையில் இன்னும் பதினேழு நிமிஷம் மூட்டைமேல் சும்மா உட்கார்ந்திருந்தால் இரண்டு வருஷம். எழுந்து வந்ததால் நாலு. அம்மா பூவோடு மணையிலிருந்து எழுந்து வந்து திறந்த கதவு அது.

பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"இன்னாடி?" என்றாள் இளவரசி. ஈரத்தலை இன்னும் காயவில்லை. பதினாறு நாளாக அவள் கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருந்தது. அன்றைக்கு இந்த பெஞ்சில்தான் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "நல்ல ஊசிதான?"

கலைப்பிரியா அக்காவைப் பார்த்தாள்.

"நல்ல ஊசிதாங்கா."

இளவரசி பெருமூச்சு விட்டாள். "நான் சொல்லல? வீணா பயமுறுத்திட்ட. அந்தம்மா பாவம், காத்துக்கினு இருப்பாங்க. போன் பண்ணி சொல்லிடு, எழுதிக்கட்டும்."

சொல்லாமல் விடலாம். சாயங்காலம் புட்டிப் பெட்டி பிரபாவதியிடமிருந்து கைமாறிவிடும், பதில் வர எத்தனையோ நாள் ஆகும். அதுவரைக்கும் அக்காவுக்கு இது நல்ல ஊசியாகவே இருக்கும். ஒளிஞ்சிக்கினு சொல்லாத என்று அம்மா இழுத்த இடத்தில் சட்டையில் இன்னும் மஞ்சள் இருந்தது. கலைப்பிரியா சீட்டைப் பிரித்து நம்பரைப் போட்டாள்.

இரண்டு ரிங் போனது.

"சொல்லுங்க கலைப்பிரியா" என்றாள் பிரபாவதி. "பேரு தெரிஞ்சுதா?"

அந்தம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்க, இளவரசி நெருங்கி வந்து போனில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.